ஏரியில் இறங்கும் விமானம்
வட கனடாவின் நீர்விமானங்களும் திருச்சபையும்

நீர்விமானம் என்றவுடன் நம்மவர் பலருக்கு உல்லாசப் பயணமே நினைவுக்கு வரும். மாலத் தீவுகளின் பவளத் திட்டுகளுக்கு இடையே பறந்து, விடுதி வாசலிலேயே பயணியரை இறக்கிவிடும் விமானங்களின் படங்களை நாம் கண்டிருக்கிறோம். நம் நாட்டிலும் 2010 டிசம்பரில் அந்தமானிலும், 2020 அக்டோபரில் சபர்மதி ஆற்றிலும் இத்தகைய சேவைகள் தொடங்கப்பெற்றன. இரண்டும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும், நீரில் இறங்கும் விமானம் ஒரு பொழுதுபோக்காக அன்றி, ஒரு பெருநிலப்பரப்பின் வாழ்வு முறையையே மாற்றிய கருவியாக விளங்கிய இடம் கனடாவின் வடபகுதியாகும். அங்கு அதன் வரலாறு திருச்சபையின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அப்பின்னலில் நாம் மகிழத்தக்க இழைகளும் உள்ளன. தலைகுனியத்தக்க இழைகளும் உள்ளன. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நிலத்தின் இயல்பைக் கூறவேண்டும். பனியூழிக் காலத்தில் வட கனடாவை மூடிக் கிடந்த பெரும் பனிப்பாளங்கள், பின்வாங்கியபோது அடிப்பாறையை அரித்துச் சென்றன. அவ்வாறு குடையப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி எண்ணிறந்த ஏரிகள் உண்டாயின. ஒன்டாரியோ மாநிலத்தில் மட்டும் 2,50,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட நிலமோ பாறையும் சதுப்பும் அடர்ந்த ஊசியிலைக் காடுமாக இருப்பது. இங்குச் சாலை அமைப்பது பெருஞ்செலவு. இரயில் பாதையோ பெரும்பாலும் தெற்கே கிழக்கு மேற்காக ஓடுவதோடு சரி. ஓஜிப்வே, கிரீ முதலிய முதற்குடி மக்கள் கோடையில் மரப்பட்டைத் தோணியிலும், குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியிலும் பல தலைமுறைகளாகப் பயணம் செய்தனர். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தோணியைத் தோளில் சுமந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளை அவர்கள் நன்கறிவர். வெளியார்க்கு அந்நிலம் தடையாகத் தோன்றியது. விமானியின் கண்ணுக்கோ அது வேறுவிதமாகத் தோன்றிற்று. வெட்டவும் வேண்டாம், சமன்படுத்தவும் வேண்டாம். ஒவ்வோர் ஏரியும் ஓர் ஓடுதளம்.

நீரிலிருந்து எழும் விதம்

1910 மார்ச் 28-ஆம் நாள் பிரான்சில் மர்செயில் நகருக்கு அருகிலுள்ள பெர் காயலில் ஹென்றி ஃபாபர் என்பவர் தம் விமானத்தை நீரிலிருந்து எழுப்பினார். தன் இயந்திர ஆற்றலால் நீரினின்று எழுந்த முதல் விமானம் அதுவே. மறு ஆண்டில் அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ் அதனை மேலும் செம்மைப்படுத்தினார். இன்று வழங்கும் நீர்விமானங்கள் இருவகைப்படும். உடலே படகாக அமைந்தவை பறக்கும் படகுகள்; சக்கரங்களுக்கு மாற்றாக இரண்டு நீண்ட மிதவைகளைக் கால்களாக உடையவை மிதவை விமானங்கள். வட கனடாவில் பெரிதும் பயன்பட்டவை பின்னவை. (இரட்டை மிதவைகளைக் காணும் தமிழருக்கு ஒரு செய்தி: ஆங்கிலேயர் இரட்டையுடல் படகுக்கு இட்ட பெயர் நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததேயாம்.)

விமானத்தின் முழு எடையைத் தாங்குவதற்கு வேண்டிய அளவினும் 80 விழுக்காடு மிகுதியான மிதப்பாற்றல் மிதவைகளுக்கு இருத்தல் வேண்டும் என்பது விதி. மிதவையின் உள்ளே நீர்புகாத தனித்தனி அறைகள் உண்டு. பாறை இடித்து ஓர் அறை உடைந்தாலும் விமானம் மூழ்காது. எனினும் எம்மிதவையும் சிறிதளவேனும் ஒழுகும். ஆதலால் நாளும் காலையில் விமானி மிதவையின்மீது நின்று, கைப்பம்பு ஒன்றினால் ஒவ்வோர் அறையிலும் சேர்ந்த நீரை இறைத்த பின்னரே புறப்படுவார்.

நீரினின்று எழுவதற்குச் சக்கரத்தில் ஓடுவதைக் காட்டிலும் மிகுந்த ஆற்றல் வேண்டும். தொடக்கத்தில் மிதவை படகைப்போல நீரைப் பிளந்து செல்கிறது, மூக்கு மேலெழுகிறது, நீர்த்திவலை பறக்கிறது. வேகம் பெருகியபின் மிதவை நீரின்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். மிதவையின் அடிப்பாகத்தில் நடுவில் ஒரு படி வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். நீர் மிதவையை விடாது பற்றி இழுக்கும் தன்மையுடையது. அப்படியின் வழியே காற்று உட்புகுந்து அப்பற்றுதலை அறுக்கிறது. அலையற்ற நாளில் இப்பற்றுதல் மிகுதி. அப்போது தேர்ந்த விமானி ஒரு மிதவையை மட்டும் முதலில் உயர்த்தி, மற்றதை அதன்பின் விடுவிப்பார்.

இறங்குவதில் நாம் எதிர்பாராத ஓர் ஆபத்து உண்டு. புயலும் அலையும் அஞ்சத்தக்கவை என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடக்கும் ஏரி அவற்றினும் கொடியது. வானமும் கரையும் அதில் அப்படியே பிரதிபலிப்பதால் நீர்ப்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று கண் அறியாது. உயரத்தைத் தவறாகக் கணித்து நேரே நீரில் பாய்ந்து மடிந்தவர் பலர். ஆகவே அத்தகைய நாளில் விமானி தம் கண்ணை நம்புவதில்லை. கரையோரமாக வந்து, மூக்கைச் சற்று உயர்த்தி, இறங்கும் வேகத்தை மிகச் சிறிதாக அமைத்துக்கொண்டு, நீர் தானே வந்து மிதவையைத் தொடும்வரை பொறுத்திருப்பார். இவையன்றி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்து மிதக்கும் மரக்கட்டைகளும் உண்டு. நீரில் நிற்கும் விமானத்துக்குத் தடுப்பான் இல்லை என்பதையும் மறத்தலாகாது. இயந்திரம் ஓடும்வரை அது நகர்ந்துகொண்டே இருக்கும், நின்றபின் காற்று தள்ளும் திசையில் செல்லும்.

ஆண்டில் இருமுறை இப்பயணம் முற்றும் தடைப்படும். இலையுதிர் காலத்தின் இறுதியில் ஏரி உறையத் தொடங்கும். நீராகவும் இராது, பாரம் தாங்கும் பனியாகவும் இராது. வசந்தத்தில் பனி உடையும்போதும் அவ்வாறே. மிதவையைக் கழற்றிச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டவும், மீண்டும் மிதவைக்கு மாறவும் வேண்டிய அவ்வாரங்களில் ஊர்கள் உலகினின்று துண்டிக்கப்பட்டுக் கிடக்கும்.

காட்டு விமானங்கள்

1919 ஜூன் மாதத்தில் ஸ்டுவர்ட் கிரகாம் என்னும் விமானி, தம் மனைவியை வழிகாட்டியாக உடன்கொண்டு, போரில் எஞ்சிய பறக்கும் படகு ஒன்றை ஹாலிஃபாக்ஸ் துறைமுகப் பகுதியிலிருந்து கியூபெக்கிலுள்ள லாக் அ லா தோர்த்தூ என்னும் ஏரிக்குக் கொணர்ந்தார். காட்டுத்தீயைக் கண்டறிவதே அதன் பணி. 1926-ல் ஒன்டாரியோவின் ரெட் லேக் பகுதிக்குப் பொன் தேடி மக்கள் விரைந்தபோது, தோணியில் சென்றோரை விமானத்தில் சென்றோர் முந்தினர். அது முதல் காட்டு விமானப் போக்குவரத்து ஒரு தொழிலாயிற்று.

அத்தொழிலுக்கெனவே உருவான விமானங்கள் இரண்டு. ராபர்ட் நூர்டைன் வடிவமைத்த நார்ஸ்மன் 1935 நவம்பரில் முதன்முதல் மிதவைகளின்மீதே நின்று பறந்தது. டி ஹாவிலண்டு கனடா நிறுவனத்தின் பீவர் 1947 ஆகஸ்டு 16-ஆம் நாள் பறந்தது. பீவரை வடிவமைக்குமுன் அந்நிறுவனத்தார் காட்டு விமானிகளிடம் அவர்களுக்கு வேண்டுவன யாவை எனக் கேட்டறிந்தனர். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்கு அகன்ற கதவுகளும், கடுங்குளிரில் வெளியே நிற்காமல் இருக்கையில் அமர்ந்தபடியே இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றும் துவாரமும் அதன் விளைவுகள். 1,600-க்கும் மேற்பட்ட பீவர்கள் 1967 வரை செய்யப்பெற்றன. அவற்றுள் பல இன்றும் பறக்கின்றன; ஒன்று மின்சார இயந்திரம் பூட்டப்பட்டு 2019 டிசம்பரில் வான்கூவருக்கு அருகில் பறக்கவும் செய்தது. மூட்டை, தபால், நோயாளி, வேட்டைத்தோல், மிதவைத் தூண்களோடு சேர்த்துக் கட்டிய தோணி என அது சுமக்காத பொருள் இல்லை.

திருச்சபையும் இக்கருவியை விரைவில் ஏற்றது. 1933-ல் நிறுவப்பெற்ற ஆங்கிலிக்கன் ஆர்க்டிக் பேராயம், பரப்பளவில் உலகின் மிகப் பெரிய பேராயங்களுள் ஒன்று. அதன் முதல் பேராயர் ஆர்ச்சிபால்ட் ஃபிளெமிங் தம் சபைகளைச் சந்திக்க விமானத்தைப் பயன்படுத்தினார். முன்னர் ஒரு போதகர் நாய்வண்டியில் பல வாரங்கள் சென்று அடைந்த ஊரை இப்போது ஒரே நாளில் அடையலாம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், திருமணங்கள், திருவிருந்து எனக் காத்திருந்த சபைக்கு அது பெரும் உதவியே. இருப்பினும் ஒன்று சொல்லவேண்டும். நாய்வண்டியில் சென்ற போதகர் வழியெல்லாம் அம்மக்களின் குடிசைகளில் தங்கினார், அவர்கள் உணவை உண்டார், அவர்கள் மொழியில் வழி கேட்டார். விமானத்தில் வந்தவர் மாலைக்குள் திரும்பிவிட முடிந்தது. ஊழியத்தில் வேகம் எப்போதும் நெருக்கத்தைத் தருவதில்லை என்பது என் எண்ணம்.

மருத்துவத் துறையிலும் இவ்விரு முகங்களும் தெரிகின்றன. காசநோய் வடபகுதியில் பெருகியிருந்த காலத்தில், ஜேம்ஸ் வளைகுடாப் பகுதியின் மூஸ் ஃபாக்டரியில் 1950-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது. கரையோரக் கிரீ மக்கள் விமானத்தில் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். உயிர் பிழைத்தோர் பலர். ஆர்க்டிக்கின் இன்னுயிட் மக்களோ கப்பலிலும் விமானத்திலும் தெற்கே நெடுந்தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1956-ல் அம்மக்களுள் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அத்தகைய மருத்துவமனைகளில் இருந்தார். ஆண்டுக்கணக்கில் செய்தியில்லை, இறந்தோர் எங்கே அடக்கம் செய்யப்பட்டனர் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2019 மார்ச்சில் கனடா பிரதமர் இதற்காக இன்னுயிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டில்தான் குடும்பங்கள் தம் உறவினரின் கல்லறையைத் தேடிக் கண்டறிய வழி திறந்தது.

ஏரிக்கரையில் நின்ற பிள்ளைகள்

'போர்டிங்' என்னும் சொல் தமிழ்க் கிறிஸ்தவர் பலரின் உள்ளத்தில் நன்றியை எழுப்பும். சிற்றூர்ப் பிள்ளைகள் படிப்பதற்கு மிஷன் விடுதிகள் வாய்ப்பளித்தன. அவற்றில் வளர்ந்து ஆசிரியரும் போதகரும் ஆனவர்கள் நம் சபைகளில் எத்தனையோ பேர். அதே சொல்லை வட கனடாவின் முதற்குடியார் முன் உச்சரித்தால் எழும் உணர்வு முற்றும் வேறானது.

அங்கே உறைவிடப் பள்ளிகளுக்குப் பணம் அளித்தது அரசு. அவற்றை நடத்தியது திருச்சபை. உரோமன் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர், 1925-க்குப் பின் ஐக்கிய சபையார் ஆகியோர் அவற்றுக்குப் பொறுப்பாயினர். 1920-ல் சட்டம் திருத்தப்பட்டு, முதற்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கட்டாயமாகக் கொண்டுவரும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. நோக்கம் கல்வி மட்டும் அன்று. தாய்மொழியையும் குலமரபையும் பிள்ளைகளின் நாவிலிருந்தும் நினைவிலிருந்தும் நீக்குவதே அதன் உட்பொருள். மொத்தம் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர்.

இரயில் பாதைக்கு அருகில் வாழ்ந்தோரை இரயிலும், ஆற்றங்கரையோரை படகும் கொண்டுசென்றன. அவை எளிதில் அடையமுடியாத வட ஊர்களுக்கு நீர்விமானம் சென்றது. கோடை முடிவில் ஏரியில் ஒரு விமானம் இறங்கும். கரையில் பெற்றோரும் பிள்ளைகளும் நிற்பர். பிள்ளைகள் மிதவையின்மீது நடந்து உள்ளே ஏறுவர். இக்காட்சியை 2008 முதல் 2015 வரை பணியாற்றிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் முதியோர் பலர் நினைவுகூர்ந்தனர். அவர்களுள் பலருக்கு வாழ்வில் முதல் விமானப் பயணம் அதுவே. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அதே வகை விமானம், அதே மிதவைப்படி, அதே கரை.

விமானம் இங்கே வெறும் ஊர்தியாக மட்டும் நிற்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தோணியில் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளை வழியைக் காண்கிறது. எந்த ஆறு, எந்த வளைவு, எந்தத் தீவு என நினைவில் கொள்கிறது. வானில் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பாதையே இல்லை. தப்பியோடிய பிள்ளைகள் அக்காலத்தில் பலர். ஓடிப்போவது என்றால் எங்கே ஓடுவது?

ஒன்டாரியோவின் கனோரா நகருக்கு அருகில் பிரஸ்பிட்டேரியன் சபையின் மகளிர் மிஷனெரிச் சங்கம் நடத்திய செசிலியா ஜெஃப்ரி பள்ளியில் சேனி வென்ஜாக் என்னும் ஓஜிப்வே சிறுவன் இருந்தான். பள்ளியில் அவனைச் சார்லி என்று அழைத்தனர். வயது 12. அவன் வீடு 600 கிலோமீட்டருக்கு அப்பால், ஓகோக்கி ஆறு ஆல்பனி ஆற்றோடு கலக்கும் இடத்திலுள்ள ஓகோக்கி போஸ்டில் இருந்தது. 1966 அக்டோபர் 16-ஆம் நாள் இரு நண்பர்களோடு பள்ளியைவிட்டு ஓடினான். நண்பர்கள் தம் மாமன் வீட்டை அடைந்தனர். சேனியோ தன் தந்தையிடம் செல்ல விரும்பி, இரயில் பாதையைப் பற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தான். மேலே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை. கையில் சில தீக்குச்சிகள். மழையும் பனியும் பெய்த இரவுகள். அக்டோபர் 23-ஆம் நாள் தண்டவாளத்தின் ஓரத்தில் அவன் சடலம் கிடக்கக் கண்டனர்.

இவ்வரலாற்றில் அவன் அறிந்திராத செய்தி ஒன்று உண்டு. அவன் பற்றி நடந்த பாதை அவன் வீட்டுக்குச் செல்லவில்லை. இரயிலிலேயே சென்றிருந்தாலும் நக்கீனா என்னும் நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கிருந்து வடக்கே நூறு மைலுக்கு மேல் காடும் நீருமே. விமானம் ஒன்றே வழி. அவ்வழியாகத்தான் அவன் வீடு சேர்ந்தான், அவன் சகோதரிகள் உடன்வர, சவப்பெட்டியில். ஒரு கனடா இதழ் 1967 பிப்ரவரியில் இதனை வெளியிட்ட பின்னரே நாட்டு மக்கள் அவன் பெயரை அறிந்தனர்.

திருச்சபைகள் வாய் திறக்கக் காலம் பிடித்தது. ஐக்கிய சபை 1986-ல் முதற்குடி மக்களிடம் பொதுவாக மன்னிப்புக் கேட்டது. உறைவிடப் பள்ளிகளுக்காகத் தனியே கேட்டது 1998-ல். ஆங்கிலிக்கன் முதன்மைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ் 1993 ஆகஸ்டு 6-ஆம் நாள் மினாக்கி என்னும் ஊரில் முதற்குடி ஆங்கிலிக்கரின் கூட்டத்தில் தம் சபையின் மன்னிப்பை உரைத்தார். அம்மினாக்கி சேனி நடந்த இரயில் பாதையின்மேலேயே உள்ளது. பிரஸ்பிட்டேரியன் சபை 1994-ல் தன் பாவ அறிக்கையை வெளியிட்டது. அவ்வறிக்கைகளில் நம் இறையியல் மாணவர் கவனிக்கவேண்டிய கூறு ஒன்று உண்டு. கேட்ட மன்னிப்பை உடனே ஏற்கவேண்டும் என்று அவை எதிர்பார்க்கவில்லை. 1986-ல் ஐக்கிய சபையின் மன்னிப்பைப் பெற்ற முதற்குடி மூப்பர்களும் அதனைப் பெற்றுக்கொண்டனரேயன்றி, ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை. பெறுவது வேறு, ஏற்பது வேறு என்று அவர்கள் வகுத்த வேறுபாடு, பாவமன்னிப்பைப் பற்றி நாம் வகுப்பில் எளிதாகப் பேசிக் கடந்துவிடும் சிலவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. 2015-ல் வெளிவந்த ஆணையத்தின் அறிக்கை, பதிவேடுகளிலிருந்து மட்டும் 3,200 மாணவரின் மரணங்களைக் கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் பெயர்கூட அப்பதிவுகளில் இல்லை.

இன்று

ஒன்டாரியோவின் வடகோடி ஊர்களில் இப்போது மாநில அரசு நடத்தும் 29 விமானத் தளங்கள் உள்ளன. சரளைக் கல் பரப்பிய ஓடுதளங்களில் சக்கர விமானங்கள் ஆண்டு முழுவதும் இறங்குகின்றன. ஏரி உறையும் வாரங்களிலும் ஊர் துண்டிக்கப்படுவதில்லை. மிதவை விமானங்கள் பெரும்பாலும் மீன்பிடிக்க வரும் பயணியரையும், காட்டுத்தீப் பணியாளரையும், தொலைவிலுள்ள வேட்டைக் குடிசைகளுக்குச் செல்வோரையும் சுமக்கின்றன. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின்மேலும் சதுப்புகளின்மேலும் அமைக்கப்படும் பனிச்சாலைகளே கனமான பொருள்களுக்கு வழி. அண்மை ஆண்டுகளில் குளிர் குறைந்து அச்சாலைகள் பயன்படும் நாள்கள் சுருங்கிவருவதால், எரிபொருளும் உணவும் மரமும் விமானத்தையே நம்பவேண்டியதாகிறது. அதனால் அவ்வூர்க் கடைகளில் பாலும் பழமும் விற்கும் விலை தென்பகுதி மக்களைத் திகைக்கச் செய்யும்.

உறைவிடப் பள்ளிகள் 1990-களின் பிற்பகுதிக்குள் யாவும் மூடப்பட்டன. ஆனால் பல வட ஊர்களில் எட்டாம் வகுப்புக்கு மேல் முழுமையான உயர்நிலைப் பள்ளி இல்லை. மேலே படிக்க விரும்பும் 14 வயதுப் பிள்ளை தண்டர் பே போன்ற நகருக்குப் பறந்து சென்று, அறிமுகமில்லாதோர் வீட்டில் தங்கிப் படிக்கவேண்டும். இப்போது செல்லும் பள்ளியை நடத்துவோர் முதற்குடியினரே; மொழியைப் பறிப்பாரும் இல்லை. எனினும் 2000 முதல் 2011 வரை அவ்வாறு தண்டர் பேக்குச் சென்ற மாணவர் எழுவர் அந்நகரில் இறந்தனர். அவர்களுள் ஐவரின் உடல்கள் நகரின் ஆறுகளில் கண்டெடுக்கப்பட்டன. 2015 அக்டோபரில் தொடங்கி 2016 ஜூனில் முடிந்த மரண விசாரணையின் நடுவர் குழு 145 பரிந்துரைகளை அளித்தது. பிள்ளைகள் தம் ஊரிலேயே படிக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். அவ்வாய்ப்பு இன்னும் பல ஊர்களுக்கு வாய்க்கவில்லை. கோடை முடியும்போது, சரளைத் தளத்தின் ஓரத்தில் பெட்டிகளுடன் பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்களை வழியனுப்ப வரும் பாட்டிமாருள் சிலர், தாம் ஏரிக்கரையில் நின்று மிதவையில் ஏறிய நாளை அறிந்தவர்கள்.